“மிஸ், அது தப்பா?” சின்னப் பிள்ளைகளோடு சரி தவறு பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கு, கையெழுத்து, டிபன் பாக்ஸ் என்று எல்லோரும் பேசிவிட்டுக் கிளம்பிய பிறகு கதவோரம் ஒருவர் நிற்பார். “மிஸ், ஒரு நிமிஷம். இவன் பொய் சொல்றான்.” அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

மூன்று வயதுக் குழந்தைக்கு நல்லது கெட்டது என்ன புரியும்? எப்போது தொடங்கலாம்?

நாம் நினைப்பதைவிட நிறையப் புரியும். ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் வந்தவை 18 மாதக் குழந்தைகள். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடுகிறார், க்ளிப் கை நழுவி விழுகிறது, எட்டிப் பார்க்கிறார், எட்டவில்லை. யாரும் கேட்காமலே, பரிசு எதுவும் இல்லாமலே குழந்தைகள் போய் எடுத்துக் கொடுத்தன. அடுத்தவர் தவிப்பதைப் பார்த்தால் ஏதாவது செய்யத் தோன்றும் மனம் நாம் ஊட்டுவதற்கு முன்பே அங்கே ஊறிக்கொண்டிருக்கிறது.

வயதோடு வளர்வது, ‘ஏன்’ என்று யோசிக்கும் திறமை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-ல் எழுதிய ஒரு கதை இன்றும் உளவியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டதும் வருகிறான், கதவுக்குப் பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது தெரியாமல் திறக்கிறான், 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் அதிகம் தப்பு செய்தது? சின்னப் பிள்ளைகள் பலர் ‘15 உடைத்தவன்தான்’ என்றார்கள். பெரிய பிள்ளைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், கதையைச் சுருக்கிப் படம் காட்டிச் சொன்னால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளும் எண்ணத்தைக் கணக்கில் எடுப்பது தெரிந்தது.

என் வகுப்பில் இதைக் கார்த்திகை விளக்காக மாற்றிக் கேட்பேன். பாட்டிக்கு உதவப் போய்க் கால் தடுக்கி ஐந்து அகல் விளக்கை உடைத்த பாப்பா, ‘தொடாதே’ என்று சொன்ன பிறகும் தூக்கிப்போட்டு விளையாடி ஒன்றை உடைத்த தம்பி. ஜூன் மாதம் கேட்டால் பாதி வகுப்பு ‘அஞ்சுதான் நிறைய’ என்று கத்தும். கார்த்திகை வரும்போது அதே பிள்ளைகள் ‘அவ வேணும்னு செய்யல மிஸ்’ என்பார்கள். அந்த ஆறு மாதத்தில் நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சின்னக் குழந்தைக்குத் தர்மசங்கடம் என்று என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது?

தர்மசங்கடம் என்ற சொல்லை நாம் ‘கூச்சமாக இருந்தது’ என்ற அளவுக்குத் தேய்த்துவிட்டோம். அதன் உண்மையான பொருள், இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று கைவிட்டுப் போகும். அந்த இக்கட்டு யு.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு நாளில் நாலு தடவை வருகிறது.

சிநேகிதி காதில் சொல்கிறாள்: “யார்கிட்டயும் சொல்லாத, மிஸ்ஸோட கலர் சாக்பீஸை நான்தான் உடைச்சேன்.” சொல்ல மாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் செய்தாயிற்று. பத்து நிமிடம் கழித்து வேறொரு பையன்மேல் பழி விழுகிறது. இப்போது வாக்கைக் காப்பதா, பழி சுமப்பவனைக் காப்பதா? ஐந்து வயதுப் பிள்ளை அந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அது சாக்பீஸ்தான். அவளுக்கு அது சின்ன விஷயமே இல்லை.

ஹைன்ஸ் என்பவன் சாகக் கிடக்கும் மனைவிக்காக மருந்து திருடலாமா என்ற கேள்வியை வைத்து அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1950-களில் செய்த ஆய்வைச் சிலர் படித்துவிட்டு, அதைக் குழந்தையிடம் கேட்கலாமா என்கிறார்கள். கோல்பர்க் கேட்டது பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களிடம். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ரப்பரும் சாக்லேட்டும் ஊஞ்சலும் போதும்.

சரி, எப்படிக் கேட்பது? நான் கேட்டால் ‘தெரியல’ என்றுதான் பதில் வருகிறது.

‘ஏன் செஞ்சே?’ என்று கேட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு அது கேள்வி. சின்னப் பிள்ளைக்கு அது பாதி தண்டனை. அந்தக் குரலிலேயே குழந்தை சுருண்டுவிடும்.

நான் மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன். என்ன நடந்தது? அவனுக்கு இப்போ எப்படி இருக்கும்? இனி என்ன செய்யலாம்? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அதற்குப் பதில் வரும்வரை நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணமாக நாம் இரண்டு நொடி கூடப் பொறுப்பதில்லை, நாமே பதிலையும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்ட்ராபெரி வடிவ ரப்பர் ஒன்று கொண்டுவந்தாள், வாசனை ரப்பர். இரண்டு நாளில் அது காணாமல் போனது. வகுப்பையே பெருக்கித் தேடினோம். மறுநாள் மதியம் இன்னொரு பிள்ளை பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து எதையோ முகர்ந்துகொண்டிருந்தாள். நான் குனிந்ததும் கையை மூடிக்கொண்டு, “கீழ கிடந்துச்சு மிஸ். கீழ கிடந்தா எடுத்தவங்களுக்குத்தான்” என்றாள். நியாயம் பேசுகிறாள், கவனியுங்கள். அது அவளுடைய சட்டம். அதை நான் உடைக்கவில்லை. “அப்படியா? நேத்து அவ எங்கெல்லாம் தேடினா, பாத்தியா?” என்று மட்டும் கேட்டேன். “பையில. அப்புறம் டிபன் பாக்ஸ்ல.” “அப்புறம்?” “அழுதா.” அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கையைத் திறந்து இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, “நாளைக்குக் குடுக்கட்டுமா?” என்றாள். சரி என்றேன்.

அந்த ஒரு இரவை நான் கொடுத்தது தப்பு என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். உடனே பிடுங்கிக் கொடுத்திருக்க வேண்டுமாம். தொலைத்தவள் இன்னொரு இரவு வருந்தினாள் என்பது உண்மை, அது என்னை உறுத்தியது. ஆனால் பிடுங்கியிருந்தால் ரப்பரைக் கொடுத்தது நானாக இருந்திருப்பேன். மறுநாள் பிரேயர் மணி அடிக்கும் முன்பே அவளே போய்க் கொடுத்தாள். திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

இன்னொன்று, நேரம். அழுதுகொண்டிருக்கும்போது, பசியில் இருக்கும்போது, நாலு பேர் பார்க்கும்போது பேசாதீர்கள். என் மகளோடு நல்ல பேச்செல்லாம் தலை பின்னும்போதுதான் நடக்கும். முகம் பார்க்க வேண்டியதில்லை, கை பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போதும் அப்படித்தான். நேருக்கு நேர் உட்காரவைத்தால் விசாரணையாகிவிடுகிறது.

நீதிக்கதை சொன்னால் போதாதா? நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?

கதை வேண்டும். ஆனால் ‘இக்கதையின் நீதி’ என்று நாம் முடித்துவைக்கும் இடத்தில் குழந்தையின் யோசனையும் முடிந்துவிடுகிறது. காங் லீ, விக்டோரியா தல்வார் முதலானோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்குக் கண் திறந்தது. மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டு, பார்க்காதே என்று சொல்லியும் ஒரு பொம்மையை எட்டிப் பார்த்ததை ஒப்புக்கொள்கிறார்களா என்று கவனித்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மையின் கதையும், ஓநாய் வருது என்று ஏமாற்றிய சிறுவனின் கதையும் பொய்யைக் குறைக்கவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை குறைத்தது. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அதுவும் பலிக்கவில்லை. பயம் காட்டியது எடுபடவில்லை, உண்மை சொன்னால் அணைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எடுபட்டது.

நம்மிடம் யோசிக்கவைக்கும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கதை சொல்லிவிட்டுக் கேள்வியோடுதானே நிறுத்துகிறது? மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசனின் தேர்க்காலில் கன்றுக்குட்டி மாட்டிச் செத்துப்போகிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடச் செய்கிறான். ‘எவ்வளவு நியாயமான ராஜா’ என்று சொல்லிப் புத்தகத்தை மூடாமல், “உனக்கு என்ன தோணுது?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒரு பையன், “இளவரசன் பாக்கலையே மிஸ், கன்னுக்குட்டி தானா ஓடி வந்துச்சு” என்றான். இன்னொருத்தி, “அவனைக் கொன்னா கன்னுக்குட்டி திரும்பி வந்துடுமா?” என்றாள். பசுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்றான் ஒருவன். எண்ணம், தண்டனையின் பயன், துக்கம் விசாரிப்பது என்று மூன்று பெரிய கேள்விகளை ஆறு வயதுப் பிள்ளைகள் அன்றைக்குத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பயமாக இருக்கிறது.

மூன்று நான்கு வயதில் வரும் பொய்யைப் பார்த்துப் பதறாதீர்கள். எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது புரிந்தால்தான் ஒரு குழந்தையால் பொய் சொல்ல முடியும். அடுத்தவர் மனத்தில் வேறு எண்ணம் இருக்கும் என்ற அந்தப் புரிதல் நான்கு வயது வாக்கில் உறுதிப்படுகிறது. அடுத்தவர் வலியை நினைத்துப் பார்ப்பதற்கும் அதே புரிதல்தான் வேண்டும்.

பதில் தெரிந்துகொண்டே கேட்காதீர்கள். வாயெல்லாம் ஹார்லிக்ஸ் தூளோடு நிற்கும் குழந்தையிடம் ‘ஹார்லிக்ஸ் எடுத்தியா?’ என்று கேட்டால் நாமே பொய்க்கு வழி போட்டுக் கொடுக்கிறோம். ‘ஹார்லிக்ஸ் எடுத்திருக்கே. கொட்டினதைத் துடைச்சுடலாம், வா’ என்றால் பொய்க்கு வேலையே இல்லை. உண்மை சொன்ன அன்றைக்கு அடி விழக்கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மனம் நோகாமல் இருக்கச் சொல்லும் பொய் வேறு வகை. பெரியம்மா வாங்கி வந்த கவுன் பிடிக்கவில்லை, என்ன சொல்ல? வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். அடுத்த குறளிலேயே, நெஞ்சறியப் பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்றும் சொல்கிறார். அவருக்கே இரண்டும் வேண்டியிருந்தது. என் மகள் ஆறு வயதில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: “பெரியம்மா, எனக்காகக் கடைக்குப் போனீங்களா!” பொய்யும் இல்லை, நோகவும் இல்லை.

நாங்களே சில நேரம் பொய் சொல்லச் சொல்கிறோமே?

பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பையனுக்கு ஐந்து முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ‘கண்டக்டர் மாமா கேட்டா நாலரைன்னு சொல்லு’ என்று காதில் ஓதியிருப்போம். நானும் செய்தேன். கையில் காசு குறைவாக இருந்த மாதம் அது. என் மகன் கண்டக்டரைப் பார்த்து, “எனக்கு அஞ்சு முடிஞ்சிடுச்சு. ஆனா அம்மா நாலரைன்னு சொல்லச் சொன்னாங்க” என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நானும் காசைக் கொடுத்தேன்.

அன்றைக்கு இரவு நான் செய்தது, மகனிடம் ‘அம்மா செஞ்சது தப்பு’ என்று சொன்னது. காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், அதற்கு உன்னைப் பொய் சொல்லவைத்தேன், அது சரியில்லை என்றேன். “பரவாயில்லம்மா” என்றான். பெற்றவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் தன் தப்புகளைத் தானாக வந்து சொல்ல ஆரம்பித்தான்.

‘அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு’ என்பதும் இதே கதைதான். ‘அப்பாவால இப்ப வர முடியாது’ என்று சொல்லச் சொல்லலாமே.

அண்ணன் தம்பிக்குள் எதற்கெடுத்தாலும் ‘அவனுக்கு மட்டும் பெருசு’ என்று சண்டை.

ஒரே ஒரு கடலை மிட்டாயா? ஒருவர் உடைக்கட்டும், அடுத்தவர் முதலில் எடுக்கட்டும். உடைப்பவன் தராசு பிடிப்பதுபோல் உடைப்பான்.

தனக்குக் குறைந்தால் கொதிப்பது எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் பொது. பீட்டர் பிளேக், கேத்ரீன் மெக்காலிஃப் குழுவினர் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் குறைவாகவும் எதிரே இருப்பவருக்கு அதிகமாகவும் மிட்டாய் வந்தால் பிள்ளைகள் ‘யாருக்குமே வேண்டாம்’ என்று தள்ளிவிடுவதை ஏழு இடங்களிலும் பார்த்தார்கள். தனக்கு அதிகமாக வந்தாலும் ‘இது நியாயமில்லை’ என்று மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டும், அதுவும் பெரிய பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. முதலாவது தானாக வருகிறது. இரண்டாவது வர வீட்டுப் பேச்சு வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் சண்டை வந்த நாளில் பேசுவதைவிட, அவனுக்கு அதிகம் கிடைத்த நாளில் பேசுவது பலன் தரும். ‘உனக்கு ரெண்டு லட்டு வந்துச்சு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒண்ணுதான். என்ன பண்ணலாம்?’

சமமாகப் பிரிப்பதும் எப்போதும் நியாயம் ஆகிவிடாது. காய்ச்சல் வந்த தம்பிக்கு மட்டும் இளநீர், அக்காவுக்கு இல்லை. அது சரியா? கேட்டுவிட்டு, அவர்கள் வாதாடுவதைக் கேளுங்கள்.

விருந்தாளிக் குழந்தைக்குப் பொம்மை கொடுக்க மாட்டேன் என்கிறான். மானம் போகிறது.

நம் மானத்துக்காகப் பிடுங்கிக் கொடுப்பது அவனுக்குப் பகிர்தலைக் கற்றுத்தராது, பலமுள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான் கற்றுத்தரும். வருவதற்கு முன்பே கேளுங்கள்: எதெல்லாம் சேர்ந்து விளையாடலாம், எதை பீரோவில் வைத்துவிடலாம்? இரண்டு மூன்றை அவன் எடுத்து வைக்கட்டும். நம் போனை முன்பின் தெரியாத விருந்தாளிக்கு நாமும் கொடுத்துவிட மாட்டோம்.

‘மிஸ், இவன் என்னைக் கிள்ளிட்டான்’ என்று எல்லாவற்றையும் வந்து சொல்கிறாள். கோள் சொல்லாதே என்று கண்டிக்கலாமா?

கண்டிக்கும்போது கவனமாக இருங்கள். இதை நிறையப் பேர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

என் வகுப்பில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ‘நீ அவனை மாட்டிவிடச் சொல்றியா, யாரையாவது காப்பாத்தச் சொல்றியா?’ பென்சிலைக் கடித்தான் என்பது மாட்டிவிடுவது. மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் ஏறியிருக்கிறான் என்பது காப்பாற்றுவது. நாலு வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். கிள்ளினால் வந்து சொல்வதும் காப்பாற்றத்தான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அதைக் கோள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவைப்பதற்கு இடமில்லை. ஒரு பெரியவர் உடம்பைத் தொட்டு, ‘இது நம்ம ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதே’ என்றால், வாக்குக் கொடுத்திருந்தாலும், அவர் சொந்தக்காரராக இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும். அது தர்மசங்கடமே இல்லை. அதை நேரடியாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். ‘சொன்னதுக்கு நான் உன்னைத் திட்டவே மாட்டேன்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதவி வேண்டுமானால் குழந்தைகளுக்கான இலவச எண் 1098. அந்த எண்ணைக் குழந்தைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.

பாட்டி ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்கிறார். அதைச் சொல்ல வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பாட்டியோடு சண்டை போடாதீர்கள். அவர் பேரப்பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். பயத்துக்குப் பக்கத்தில் ஒரு காரணத்தை மட்டும் நீங்கள் வைத்துவிடுங்கள். ‘நாய்மேல கல்லெறிஞ்சா சாமி கண்ணைக் குத்தும்’ என்று பாட்டி சொன்னால், ‘நாய்க்கு வலிக்கும்ல, அதுக்கு அழுதா யார் தூக்குவா?’ என்று நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் குத்தப்படவில்லை என்று ஒரு நாள் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். நாய்க்கு வலிப்பது அன்றைக்கும் மாறாது.

‘போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்’ என்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்தில் தொலைந்துபோனால் அந்தக் குழந்தை போலீஸிடம்தான் போக வேண்டும்.

இப்படிக் கேள்வி கேட்டுப் பழக்கினால் எதிர்த்துப் பேச மாட்டார்களா?

பேசுவார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லா விதியும் ஒன்றல்ல என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியலும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டு இதை ஆராய்ந்தார்கள். ‘டீச்சர் பரவாயில்லை என்று சொன்னால் செய்யலாமா?’ என்று கேட்டால், பழக்கவழக்க விதிகளுக்குச் சின்னப் பிள்ளைகள்கூட ‘செய்யலாம்’ என்கிறார்கள். அடிப்பதற்கு மட்டும் ‘டீச்சர் சொன்னாலும் கூடாது’ என்கிறார்கள். நம் வீட்டில் இடது கையால் கொடுக்காதே என்பதையும், தங்கச்சியைத் தள்ளாதே என்பதையும் ஒரே குரலில் கத்துகிறோம். ஒன்று ஊர் வழக்கம், இன்னொன்று ஒருவரின் வலி. குரலில் வித்தியாசம் காட்டினால் எதிர்ப்பேச்சு பாதி குறையும். சில விஷயத்தில் பேச்சே கிடையாது. ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்லது செய்தால் ஸ்டார், சாக்லேட் கொடுக்கலாமா?

எழுத்துக்கு ஸ்டார் கொடுங்கள். உதவிக்குக் கொடுக்காதீர்கள். வார்னெகனும் தோமசெல்லோவும் 2008-ல் இதையும் சோதித்தார்கள். உதவியதற்குப் பரிசு வாங்கிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின.

‘சாரி சொல்லு’ என்று வற்புறுத்துவது சரியா?

சாரி சொல்லிவிட்டு ஓடிவிடுவான், கிள்ளு வாங்கியவன் அங்கேயே நிற்பான். அதனால் நான் சாரியைக் கேட்பதில்லை, ‘அவனுக்கு இப்ப என்ன வேணும்னு போய்க் கேளு’ என்பேன். தண்ணீர் வேண்டும் என்பான், ஊதிவிடு என்பான், சில நேரம் ‘என் பக்கத்துல வராதே’ என்பான். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். காய் விட்ட சிநேகிதன் பழம் விட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்பது அவன் இஷ்டம்.

இரண்டு அடி போட்டால் திருந்திவிடுவானே?

நிறுத்துவான், யோசிக்க மாட்டான். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. வீட்டிலும் வேண்டாம்.

‘வேலை செய்ற அக்காவுக்கு ஏன் தனி டம்ளர்?’ என்று மகள் கேட்டாள். என்ன பதில் சொல்வது?

டம்ளரை மாற்றுங்கள். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

‘சுத்தத்துக்காக’ என்று சொல்லிப் பார்ப்போம். சளி பிடித்த மாமா வந்தபோது நம் டம்ளரிலேயே காபி குடித்ததை அந்தக் குழந்தை பார்த்திருக்கிறாள். நாம் சொல்லாத காரணத்தை அவளே கண்டுபிடித்துவிடுவாள். சில மனிதர்கள் கொஞ்சம் குறைந்தவர்கள் என்பதுதான் அந்தக் காரணம். அதற்குப் பிறகு பகிர்தல், இரக்கம் என்று நாம் எத்தனை கதை சொன்னாலும் அவள் அந்த டம்ளரைத்தான் நம்புவாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலும் ஜன்னலோரம் அப்படி ஒரு டம்ளர் இருந்தது. எடுக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. என் மகள் கேட்ட பிறகுதான் எடுத்தேன். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

‘பொம்பளப் புள்ள, நீ விட்டுக்குடு’ என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்றால் அதை அண்ணனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

குழந்தை ‘தப்பான’ பதில் சொன்னால்?

‘அவன் என்னை அடிச்சான், நானும் அடிப்பேன். சரியாப் போச்சு.’ இதைக் கேட்டதும் நமக்குக் கை பரபரக்கும், திருத்த வேண்டும் என்று. கொஞ்சம் பொறுங்கள். ‘அப்புறம் அவன் என்ன பண்ணுவான்?’ ‘திரும்ப அடிப்பான்.’ ‘அப்புறம்?’ நாலாவது ‘அப்புறத்தில்’ பெரும்பாலும் அவர்களே சிரித்துவிடுவார்கள். சிரிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ‘எனக்கு வேற மாதிரி தோணுது’ என்று உங்கள் கருத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். கருத்தே சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு எது சரி என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். முதலில் அவன் யோசிக்கட்டும், நாம் பிறகு சொல்வோம்.

இன்றைக்கே தொடங்க நாலைந்து கேள்வி கொடுங்களேன்.

அண்ணாச்சி கடையில் பத்து ரூபாய் மீதி அதிகமாகக் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மழையும் பெய்கிறது. இப்பவே போகணுமா, நாளைக்குப் போகலாமா?

பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை நம் சுவருக்கு இந்தப் பக்கம் தொங்குகிறது. அந்த மாங்காய் யாருடையது? கீழே விழுந்தால்?

அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன் உன் நெருங்கிய சிநேகிதன். எதிர் அணி உன்னிடம் வந்து கேட்கிறது. என்ன சொல்வாய்?

உன் பிறந்தநாளுக்கு வகுப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்கிறாய். ஒன்று குறைகிறது. வராத பிள்ளைக்கு எடுத்து வைத்ததைக் கொடுக்கலாமா?

கோயில் வாசலில் இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள், நம்மிடம் ஒரே ஒரு நாணயம். யாருக்கு? இதை என் மகன் என்னிடம் கேட்டான், நான் அவனிடம் கேட்கவில்லை. நாணயத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அப்புறம் என் கையிலிருந்த வாழைப்பழத்தைக் கேட்டான்.